கேஸ் குறையவில்லை, காயில் அடைத்திருக்கிறது

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், கணினி ஆய்வகம் உள்ள பள்ளிகளில் ஒரு குறை தவறாமல் எழும்: ஏ.சி. ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை. மெக்கானிக்கை அழைக்கிறோம். அவர் வெளியே இருக்கும் பெட்டியில் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் இறங்கிட்டு சார், போட்டிரலாம்" என்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பணம் கேட்டு, ரசீது வாங்கிக் கோப்பில் வைக்கிறோம். சில வாரம் பரவாயில்லை என்றிருக்கும். அடுத்த ஆண்டும் அதே பேச்சு, அதே ரசீது.

தூத்துக்குடி மாவட்டத்தில் உப்பளங்களுக்கு அருகில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். கணினி ஆய்வகப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. அங்குள்ள இரண்டு ஏ.சி.களோடு பழகிய பழக்கத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். குளிர்ச்சி குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது கேஸை அல்ல, காயிலை. காயிலைக் கழுவாமல் கேஸின் அளவைச் சரியாகச் சொல்லவே முடியாது. ஏன் என்பதற்கான விடை நாம் வகுப்பில் நடத்தும் பாடத்திலேயே இருக்கிறது.

கேஸ் என்பது பெட்ரோல் போல எரிந்து தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் ஒரு குளிர்பதனப் பொருள் அது. அறைக்குள் இருக்கும் காயிலில் ஆவியாகும்போது அறைக் காற்றின் வெப்பத்தை உறிஞ்சும். கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி வெளியே உள்ள காயிலுக்கு அனுப்பும். அங்கே அது மீண்டும் திரவமாகி, உறிஞ்சிய வெப்பத்தையும் கம்ப்ரசர் சேர்த்த வெப்பத்தையும் வெளிக்காற்றில் விட்டுவிடும். கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதே உள்ளுறை வெப்பம்தான். ஒன்பதாம் வகுப்பு வெப்பப் பாடத்தில் இதைத்தான் நடத்துகிறோம். ஸ்பிரிட் காற்றோடு போய்விடுகிறது. இங்கே அதைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஆவியாக்குகிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. குழாயில் கசிவு இல்லையென்றால் பத்து ஆண்டானாலும் கேஸ் அப்படியே இருக்கும். ஆண்டுதோறும் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டையைத் தேடி அடைக்காமல் நிரப்பிவிட்டுப் போவது, அடி ஓட்டையான குடத்தை மறுபடி மறுபடி நிறைப்பதுதான்.

ஓட்டையே இல்லாமலும் மீட்டர் குறைவாகக் காட்டும். இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

காயில் என்று நாம் சொல்வது வெறும் வளைந்த குழாய் அல்ல. செம்புக் குழாயின் மேல் நூற்றுக்கணக்கான அலுமினியத் தகடுகள் சீப்பின் பற்களைப் போல நெருக்கமாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. காற்று தொடும் பரப்பைக் கூட்டத்தான் இந்த ஏற்பாடு. செம்பின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட்; அலுமினியத்துக்கு 235 வாட்; அசையாத காற்றுக்கோ வெறும் 0.025. தூசிப் படலம் என்பது பெரும்பாலும் அசையாத காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் ஒரு கம்பளி. உள்ளே செம்பும் அலுமினியமும் எவ்வளவு நன்றாகக் கடத்தினால் என்ன, மேலே கம்பளி போர்த்தினால் வெப்பம் எப்படிப் போகும்? அதைவிடக் கெடுதல், அந்த ஒன்றரை மில்லிமீட்டர் சந்து அடைபட்டுக் காற்றே போகாமல் நின்றுவிடுவது.

அறைக்குள் இருக்கும் காயில் எப்போதும் ஈரமாக இருக்கும். குளிர்ந்த நீர் நிரப்பிய செம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலக் காற்றிலுள்ள நீராவி அதன் மேல் படிந்து சொட்டுகிறது. ஈரத்தில் தூசி பட்டால் சேறு. கரும்பலகையும் ஏ.சி.யும் ஒரே அறையில் இருந்தால் சுண்ணக்கட்டித் தூளும் சேர்ந்துகொள்ளும். வடிகட்டி, அதாவது பில்டர், இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், அதை யாராவது கழற்றிக் கழுவினால். கழுவாவிட்டால் பில்டரே சுவராகிவிடும்.

காற்று குறைவாகப் போனால் காயிலுக்கு வரும் வெப்பம் குறையும். வெப்பம் குறைந்தால் உள்ளே ஆவியாகும் பொருளின் வெப்பநிலை இறங்கும். வெப்பநிலை இறங்கினால் அதன் ஆவியழுத்தமும் இறங்கும். கொதிநிலைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள இந்த உறவைத்தான் பிரஷர் குக்கரை வைத்து நடத்துகிறோம். மெக்கானிக் மாட்டும் மீட்டர் காட்டுவது இந்த அழுத்தத்தைத்தான். கேஸ் குறைந்தாலும் முள் இறங்கும். பில்டரும் காயிலும் அடைத்தாலும் முள் இறங்கும். மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். அடைப்பைப் பார்க்காமல் முள்ளை மட்டும் பார்த்துக் கேஸ் ஏற்றினால், சரியான அளவில் இருந்த இயந்திரத்துக்கு மிகையாக ஊட்டியதாகும். பிறகு என்றாவது காயிலைக் கழுவும்போது அழுத்தம் எகிறும். ஆவியாகாத திரவம் கம்ப்ரசருக்குள் போகும் ஆபத்தும் உண்டு. கம்ப்ரசர் ஆவியை அழுத்தச் செய்யப்பட்டது. திரவத்தை அழுத்த முடியாது, உடைந்துபோகும். ஏ.சி.யில் ஆக விலை கூடிய உறுப்பு அதுதான்.

காயிலில் பனி உறைவதையும் பலர் பார்த்திருப்பீர்கள். "நல்லாக் குளிருது, ஐஸே கட்டிட்டு" என்று அதைச் சிறப்பாகச் சொல்பவர்களும் உண்டு. காயிலின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது என்பதற்கான அறிகுறி அது. பனி சேரச் சேரக் காற்று போக இருந்த கொஞ்ச வழியும் அடைபடும். நிறுத்தினால் உருகி, தட்டு நிரம்பி, கீழே இருக்கும் கணினி மேல் ஒழுகும்.

வெளியே இருக்கும் பெட்டியின் கதை வேறு. அதில் காற்று பின்புறமும் பக்கவாட்டிலும் உள்ள காயில் வழியாக உள்ளே இழுக்கப்பட்டு, முன்புற விசிறியால் வெளியே தள்ளப்படுகிறது. அழுக்கு ஒட்டுவது சுவரைப் பார்த்த பின்புறத்தில். முன்னால் நின்று பார்ப்பவருக்குப் பெட்டி சுத்தமாகவே தெரியும். எங்கள் ஊரில் ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் செம்மண் தூசி, காய்ந்த இலை, பிளாஸ்டிக் உறை என்று எல்லாம் அங்கே போய் ஒட்டும். வெளிக்காற்று 38 டிகிரி இருக்கும் நாளில் வெப்பத்தை அதற்குத் தள்ள வேண்டுமானால், காயில் அதைவிடச் சூடாக, 50 டிகிரி அளவில் இருந்தாக வேண்டும். அடைப்பு இருந்தால் அதே வெப்பத்தைத் தள்ள 57, 60 என்று ஏறும்.

இதனால் மின்சாரம் எவ்வளவு வீணாகும்? பதினோராம் வகுப்பு இயற்பியலில் குளிர்பதனப் பெட்டியின் செயல்திறன் குணகம் வருகிறது. மாணவர்களுக்கு அது ஒரு சூத்திரம். இங்கே அதற்கு உயிர் வருகிறது. இலட்சிய இயந்திரத்துக்குக் குளிர்ப்பக்க வெப்பநிலையை, இரு பக்க வெப்பநிலைகளின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும். உள் காயில் 7 டிகிரி, வெளிக் காயில் 50 டிகிரி என்றால் கெல்வினில் 280, 323. 280ஐ 43ஆல் வகுத்தால் 6.5. அழுக்கு படிந்து உள்ளே 2 டிகிரிக்கு இறங்கி, வெளியே 57 டிகிரிக்கு ஏறியதாக வைத்துக்கொள்வோம். 275ஐ 55ஆல் வகுத்தால் சரியாக 5. அதே வெப்பத்தை வெளியேற்ற இப்போது 30 சதவீதம் கூடுதல் வேலை. உண்மையான ஏ.சி.யின் குணகம் இதைவிட மிகக் குறைவு என்பதால் இந்த எண்ணை அப்படியே மின்கட்டணத்துக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் போகும் திசை இதுதான். பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் சுத்தமான காயிலோடு சோதித்துக் கொடுக்கப்பட்டவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பழைய வகை ஏ.சி. அடைத்துக்கொண்டால் நிற்காமல் ஓடும், அல்லது சூடேறித் தானே நின்றுவிடும்; நமக்குத் தெரிந்துவிடும். இன்வெர்ட்டர் ஏ.சி. அப்படி அல்ல. அது கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டி ஈடுகட்டிவிடும். அறை குளிர்ந்துகொண்டேதான் இருக்கும். மின்கட்டண அட்டை மட்டுமே உண்மையைச் சொல்லும், அதுவும் பள்ளியின் மொத்தக் கட்டணத்தில் கலந்து.

கடலோரப் பள்ளிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. செம்பு, அலுமினியம் என இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மேல் உப்பு ஈரம் படிகிறது. இதைப் படமாகப் போட்டுக் காட்டினால் நம் மேல்நிலை மாணவர் மின்கலம் என்று சொல்லிவிடுவார். அலுமினியத்தின் திட்ட மின்முனை அழுத்தம் −1.66 வோல்ட், செம்புக்கு +0.34. அரிக்கப்படுவது அலுமினியம். தகடுகள் வெள்ளைப் பொடியாகி விரல் பட்டாலே உதிரும். உதிர்ந்தபின் கழுவிப் பயனில்லை. உப்பு உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் வழி என்பதால், கடலிலிருந்து தள்ளியிருக்கும் பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறை வெளிக் காயிலைக் கழுவினால் போதும். எங்களைப் போன்றவர்கள் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும். உப்பு நீர் வரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இதற்கு ஆகாது. அது பழைய உப்பைக் கரைத்துப் புது உப்பைப் பூசிவிட்டுப் போகும். புதிதாக வாங்கும் பள்ளிகள் தகடுகளில் பாதுகாப்புப் பூச்சு உள்ள மாதிரியைக் கேட்டு வாங்கலாம். நீல நிறத்தில் தெரியும் தகடுகள் பெரும்பாலும் அப்படிப் பூசப்பட்டவைதான்.

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வகத்தில் ஒரு ஏ.சி. குளிரவில்லை என்றதும் தலைமையாசிரியை, "மறுபடியும் கேஸா சார்? போன வருஷம்தானே போட்டோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆய்வகத்திலிருந்து இரண்டு வெப்பநிலைமானிகளை எடுத்துவந்தேன். ஏ.சி. கால் மணி நேரம் ஓடியபின், காற்று உள்ளே போகும் மேற்பக்கத்தில் ஒன்று, குளிர்காற்று வெளியே வரும் வாயில் ஒன்று வைத்துப் பார்த்தோம். உள்ளே போவது 29, வெளியே வருவது 23. நல்ல நிலையில் உள்ள இயந்திரத்தில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரி இருக்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் கொஞ்சம் குறையும். வந்த மெக்கானிக்கிடம், "தம்பி, முதல்ல ரெண்டு காயிலையும் கழுவிருங்க, அப்புறம் மீட்டர் மாட்டுவோம்" என்றேன். அவருக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. கேஸ் போடுவதற்கான கூலி கழுவும் கூலியைப் போலச் சில மடங்கு. ஆனாலும் கழுவினார். வெளிப்பெட்டியின் பின்புறத்திலிருந்து இறங்கிய தண்ணீர் செந்நிறச் சேறாக வந்தது. காய்ந்தபின் ஓடவிட்டுப் பார்த்தால் 29க்கு 18. மீட்டரும் மாட்டினார். கேஸ் சரியாகவே இருந்தது. இதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேஸ் போட்டால்தான் வேலை செய்ததாக நாம் ஒப்புக்கொள்கிறோம். கழுவியதற்குப் பணம் கொடுக்கத் தயங்குகிறோம்.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்காதா என்றால், இருக்கலாம். அப்படியானால் குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கறை தெரியும். கம்ப்ரசரின் எண்ணெய் கேஸோடு கலந்து சுற்றுவதால் கசியும் இடத்தில் அதுவும் வெளியே வரும். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். அந்த இடத்தை அடைத்தபின்தான் நிரப்பச் சொல்ல வேண்டும். பழைய ஏ.சி.களில் உள்ள ஆர்-22 ஓசோன் படலத்தைக் குறைக்கும் பொருள். 1987இன் மாண்ட்ரியல் ஒப்பந்தம் என்று நாம் நடத்துவது இந்தக் குடும்பத்தைப் பற்றியதுதான். இப்போது பரவலாக வரும் ஆர்-32 ஓசோனைத் தொடாது, ஆனால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல அறுநூறு மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். ஓரளவு தீப்பற்றவும் செய்யும். ஆய்வகத்துக்குள் நெருப்பு வைத்துப் பற்றவைக்கும் வேலையை வகுப்பு நேரத்தில் அனுமதிக்கவே கூடாது.

பள்ளியில் யார் எதைச் செய்யலாம் என்பதில் நான் கண்டிப்பானவன். பில்டரைக் கழற்றிக் குழாயடியில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுவது ஆய்வகப் பொறுப்பாளர் செய்யக்கூடியது. தூசி மிகுந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மற்ற நாளில் மாதம் ஒருமுறை. அதற்கும் முன்பு எம்.சி.பி.யை அணைக்க வேண்டும். ரிமோட்டில் நிறுத்தினால் இயந்திரம் மின்சாரத்திலிருந்து பிரிந்துவிடாது. காயிலைக் கழுவுவது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. மின்சாரத்தை அணைத்தபின்னும் உள்ளே இருக்கும் மின்தேக்கி மின்னேற்றத்தை வைத்திருக்கும் என்பது நமக்குப் பாடம், தெரியாமல் தொடுபவருக்கு அதிர்ச்சி. மாணவர்களை எந்தக் காரணத்துக்காகவும் ஏணியிலோ சன்ஷேடிலோ ஏற்றக் கூடாது, தானே முன்வரும் மாணவராக இருந்தாலும்.

மெக்கானிக் கழுவும்போது நாம் பக்கத்தில் நிற்கலாம். தண்ணீர் மென்மையாக, தகடுகளுக்கு நேராகப் போக வேண்டும். சாய்வாகவோ, வண்டி கழுவும் பம்பின் முழு வேகத்திலோ அடித்தால் தகடுகள் மடிந்து சந்து நிரந்தரமாக மூடிவிடும். வெளிக் காயிலை, பெட்டியைத் திறந்து உள்ளிருந்து வெளியே கழுவினால்தான் அழுக்கு வந்த வழியே திரும்பும். வெளியிலிருந்து அடித்தால் ஆழமாகப் போய் அமரும். ஆசிட், பிளீச்சிங் பவுடர், துணி சோப்புத்தூள் எதுவும் வேண்டாம். அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கே இது தெரியும். மின்சுற்றுப் பலகையைப் பாலித்தீனால் மூடச் சொல்ல வேண்டும். நீர் வடியும் குழாயில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றித் தடையின்றிப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏ.சி. போட்டதும் வரும் பூஞ்சை வாடைக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேயும் ஈரக் காயிலிலும்தான் இருக்கும். ஊதுபத்தி ஏற்றி அதை மறைக்கப் பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன்.

எங்கள் தொடக்கப்பள்ளியில் ஏ.சி. ஏது என்று கேட்கும் ஆசிரியர்கள் இருப்பார்கள். புரொஜெக்டர் இருந்தால் அதன் பக்கவாட்டில் உள்ள சிறு பில்டரைப் பாருங்கள். அதுவும் இதே கதைதான். அது அடைத்துத்தான் பாட நடுவில் புரொஜெக்டர் சூடேறி அணைந்துபோகிறது.

வகுப்பறைக்கு வருவோம். ஏ.சி.யை ஒரு டன், ஒன்றரை டன் என்கிறோமே, அது இயந்திரத்தின் எடை அல்ல. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோகிராம் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளுமோ அந்த வீதம். 907ஐ 334 கிலோஜூலால் பெருக்கி, 86,400 வினாடியால் வகுத்தால் 3.5 கிலோவாட். குளிர்ச்சி என்றாலே பனிக்கட்டி என்றிருந்த காலத்தின் மிச்சம் இந்த அலகு. சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் பிரெடரிக் டூடர் கட்டிய ஐஸ் ஹவுஸ். இதைச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட வாய் பிளந்து கேட்கிறார்கள்.

வானவில் மன்ற வேளையில் நான் செய்யவைப்பது வாளிச் சோதனை. நீர் வடியும் குழாயின் கீழ் வாளியை வைத்து ஒரு மணி நேரத்தில் சேரும் நீரை அளவு உருளையில் அளப்பார்கள். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஏறத்தாழ 19,000 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்றும். அதில் கால் பங்கு நீராவியைத் திரவமாக்கச் செலவானால், ஒரு கிலோகிராமுக்கு 2,450 கிலோஜூல் என்ற கணக்கில் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். மழைக்காலத்தில் கூடும், காய்ந்த காற்று வீசும் நாளில் குறையும். மாதம் ஒருமுறை இந்த அளவையும் இரண்டு வெப்பநிலைமானி அளவுகளையும் ஒரு நோட்டில் எழுதிவந்தால், அறிவியல் பதிவேடு ஒன்றும் பராமரிப்புப் பதிவேடு ஒன்றும் சேர்ந்தே கிடைக்கின்றன. மெக்கானிக் வரும்போது அந்த நோட்டை அவர் கையில் கொடுக்கிறேன்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளை கேட்பதுண்டு. காற்றிலிருந்து வந்த நீர்தான், ஆனால் தூசியும் பூஞ்சையும் படிந்த தகடுகளைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறது, எனவே கூடாது என்பேன். யு.பி.எஸ். பேட்டரிக்கு ஊற்றலாமா என்பது அடுத்த கேள்வி. காய்ச்சி வடித்த நீரின் தூய்மை இதில் இல்லை, அதற்கும் வேண்டாம். வாளியை ஆய்வகத்துக்குப் பின்னால் நிற்கும் வேப்பங்கன்றுக்குத் தூக்கிப் போகிறார்கள்.